ஈரப்பதம் இரண்டு நாளில் காயும்

கொள்முதல் நிலையத்தில் தை மாதத்து முற்பகல். களத்தில் கொட்டிக் கிடக்கிற சம்பா நெல்லில் ஒரு கைப்பிடி அள்ளி மீட்டரில் போடுகிறார் எழுத்தர். 19.4 காட்டுகிறது. அனுமதி 17 சதவீதம். மத்திய அரசு தளர்வு கொடுத்தால் ஒழிய அந்த நெல்லை அவர் எடுக்க முடியாது. எடுத்துவிட்டுப் பின்னால் இருப்பில் எடை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இதுவரை யார் மேலும் தப்பில்லை. அடுத்து அவர் வாயிலிருந்து இரண்டில் ஒன்று வரும்.

“பெரியவரே, 19.4 நிக்கிது. ரெண்டு வெயில் காட்டுங்க. சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடிடுங்க. நாளன்னிக்குக் காலையில மொத ஆளா பாத்துடுறேன்.”

“ஏன்யா, ஆத்துல முக்கி எடுத்தாந்தியா? கண்ணு அவிஞ்சு போச்சா?”

இன்று எடுக்க மாட்டோம் என்ற தகவல் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதை மூட்டை தைக்கிறவர், சுமை தூக்குகிற ஏழெட்டுப் பேர், வரிசையில் நிற்கிற பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒருவர் சிரித்தும் விடுகிறார். நெல் இரண்டு வெயிலில் 17-க்கு இறங்கிவிடும். 40 கிலோ மூட்டையாகி லாரி ஏறும். பணம் கணக்கில் விழும். அந்த வாக்கியம் மட்டும் நெல் கொண்டுவந்த பெரியவரோடு வீட்டுக்குப் போகும். அடுத்த வருஷம் நெல் கொண்டுபோகிற அன்று காலையில் மகனைப் பார்த்து “நீயே போயிட்டு வாடா” என்று அவரைச் சொல்ல வைக்கும்.

டெல்டாவில் வீடு வீடாகப் போய்ப் பேசுகிற வேலையில் இருக்கிற செவிலியர், ஆசிரியர், குழு ஒருங்கிணைப்பாளர் என்று நாலு பேர் கூடி உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறது. எந்த வீட்டுப் பிரச்சனையைத் தோண்டினாலும் அடியில் யாரோ எப்போதோ சொன்ன ஒன்று கிடக்கும், நாள் கிழமையோடு. அப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாவினால் சுட்டது ஆறாது என்று இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் பாடம். பேருந்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துக்குக் கீழேதான், கட்டணமில்லாச் சீட்டுக்குக் கை நீட்டுகிற கிழவியிடம் “ஓசிதானே, பின்னாடி போ” என்று குரல் உயர்கிறது. பாடம் தெரியாமல் யாரும் சுடுவதில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தச் சொல் தங்கிவிடும் என்பதில்தான் நமக்குக் கணக்குப் பிசகுகிறது.

ஒரு சொல் ஆறாமல் தங்குவதற்கு முதல் காரணம் சபை. தனியாகக் கூப்பிட்டுத் திட்டினால் இரண்டு நாள் முகம் வாடும், பிறகு சரியாகிவிடும். நாலு பேர் முன்னால் சொன்னால் சொல்லோடு அந்த நாலு முகங்களும் சேர்ந்து பதிகின்றன. “அவர் சொன்னதுகூடப் பரவால்ல, அவங்க சிரிச்சாங்க” என்பது நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற வாக்கியம். மேட்டூரில் ஜூன் 12 திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் பிடிக்கும். கடைமடை வாய்க்காலை எட்டிப் பார்க்க இன்னும் பல நாள். காலையில் டீக்கடையில் விழுந்த சொல் அன்று பொழுது சாய்வதற்குள் கடைமடைக்குப் போய்விடும்.

அடுத்தது, பதிலே சொல்ல முடியாத கேள்வி. “முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?” கேட்கிறவருக்கு இது வெறும் விசாரிப்பு. கேட்டுக்கொண்டவர் அந்த ராத்திரி தொடங்கி அந்தக் கேள்விக்குத் தானே பதில் தேடிக்கொண்டு கிடப்பார். வசவை மறுக்கலாம், திருப்பித் திட்டலாம். இந்த மாதிரிக் கேள்வியை ஒன்றும் செய்ய முடியாது.

உடம்பு இருக்கிற நிலையும் ஒரு காரணம். பயத்திலோ வலியிலோ இருக்கும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அப்போது நடப்பதை மூளை ஆழமாகப் பதித்து வைக்கிறது. பிரசவ அறையில் வலியோடு கிடக்கும்போது கேட்ட ஒரு வார்த்தையை, பேரன் எடுத்த பிறகும் அட்சரம் பிசகாமல் சொல்கிற பாட்டிகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அன்று பிறந்த பிள்ளையின் எடை அவர்களுக்கு மறந்திருக்கும். 2003-இல் அமெரிக்காவில் நவோமி ஐசன்பர்கர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி ஒருவர் கணினியில் பந்தெறிந்து விளையாடுவார். பாதியில் மற்ற இருவரும் அவருக்குப் பந்து தராமல் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். அவ்வளவுதான். உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி அப்போது கூடுதலாக இயங்கியது. அந்தப் பகுதி வலிக்கு மட்டுமே உரியதா என்ற விவாதம் பின்னால் நடந்தது உண்மைதான். ஆனால் பந்து தராததற்கே இவ்வளவு என்றால், வளைகாப்பு வீட்டில் எல்லோரையும் வளையல் போடக் கூப்பிட்டுவிட்டுப் பிள்ளையில்லாத ஒருத்தியை மட்டும் தாண்டிப் போவது என்னவாக இருக்கும்? “விசேஷம் ஏதும் உண்டா?” என்று கல்யாணப் பந்தியில் கேட்பதை இன்றோடு விட்டுவிடலாம். உண்டென்றால் அவர்களே சொல்வார்கள்.

சாவு வீடு இதில் தனி. அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு போவதில்லை. ஆனாலும் அதிகமான காயம் அங்கேதான் நடக்கிறது. துக்கம் விசாரிப்பது என்ற சொல்லிலேயே விசாரணை இருக்கிறது பாருங்கள். எப்ப, எப்படி, கடைசியா என்ன சாப்பிட்டாரு, யார் பக்கத்துல இருந்தா, எந்த டாக்டர். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வந்தால் அந்த அம்மா ஐம்பது தடவை கடைசி மணி நேரத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் “அடடா, கும்பகோணத்துக்குக் கொண்டுபோனதுக்குப் பதிலா நேரா தஞ்சாவூருக்கே போயிருக்கலாம்” என்பார்.

போகிறவர்கள் செய்யக்கூடியது இதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு “கேள்விப்பட்டேன்க்கா, வந்துட்டேன்” என்றால் போதும். பிறகு பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு வரவில்லையே என்று சங்கடப்பட்டு எதையாவது நிரப்ப வேண்டாம். காயப்படுத்துகிற வாக்கியங்களில் பாதி அந்தச் சங்கடத்தில் பிறந்தவை. அவர்களாகச் சொல்லத் தொடங்கினால் குறுக்கே போகாமல் கேளுங்கள். பதினைந்து இருபது நிமிஷம் போதுமானது. சாவு வீட்டிலிருந்து “போயிட்டு வரேன்” சொல்லாமல் எழுந்து வருவது நம் பக்கத்து வழக்கம்தானே. உள்ளே போகும்போதும் அந்த வழக்கத்தையே வைத்துக்கொள்ளலாம்.

வாய்க்கு வேலை குறைவு என்றால் கைக்கு நிறைய இருக்கிறது. இரண்டு கேன் குடிதண்ணீர், பிள்ளைகளுக்கு இட்லி, வெளியூர்க்காரர்களுக்குத் தகவல் சொல்ல ஓயாமல் அடிக்கிற போனுக்கு சார்ஜ். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த அலைச்சலை ஒருவர் தன் தலையில் போட்டுக்கொண்டால் அது பத்து ஆறுதல் வார்த்தைக்கு மேல். கருமாதி முடிந்ததும் பந்தல் பிரிந்து கூட்டமும் போய்விடும். வீடு காலியாகத் தெரிவது பதினேழாம் நாளிலிருந்துதான். அன்று போங்கள். முதல் நாள் போக முடியாமல் போனவர்கள் குற்ற உணர்ச்சியோடு ஒதுங்கிவிடுவார்கள். அவர்கள்தான் அந்தப் பதினேழாம் நாளுக்குப் பொருத்தமானவர்கள்.

தற்கொலையாக இருந்தால் எல்லாக் கேள்வியையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அந்தக் குடும்பத்தைக் காவல்துறை ஏற்கெனவே விசாரித்திருக்கும். சந்தேக மரணத்துக்கான விசாரணை இப்போது பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் நடக்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. பிணவறை வாசலில் காத்திருந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவர்களிடம் “வீட்ல ஏதும் சண்டையா?” என்று நாம் நடத்துகிற இன்னொரு விசாரணை தேவையில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நல்லதொன்றைச் சொல்லுங்கள். “மாப்ள சைக்கிள் பஞ்சர் ஒட்டினா ஒரு வருஷம் நிக்கும்” என்கிற மாதிரி. சாவின் விதம் பேசப்பட்டுப் பேசப்பட்டு, வாழ்ந்தது எல்லாம் அழிந்துபோகிறது என்பதுதான் அந்த வீடுகளில் பெரிய ஏக்கம்.

சாவு வீட்டில் கவனிக்காமல் விடுகிற இன்னொருவர், கொள்ளிக்குடம் தூக்கிய ஒன்பது வயதுப் பையன். வருகிற ஒவ்வொரு பெரியவரும் அவன் தலையைத் தடவி, “இனிமே நீதான்டா ஆம்பள, அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பாத்துக்கணும், அழக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாசத்தில் சொல்வதுதான். அவன் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறான். ராத்திரி கதவு சாத்தியிருக்கிறதா என்று எழுந்து பார்க்கிறான், படிப்பை விடலாமா என்று ஆறாம் வகுப்பிலேயே யோசிக்கிறான், அழ வேண்டிய நாளில் அழாமல் பதினெட்டு வயதில் காரணமில்லாமல் எரிந்து விழுகிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியது: “அழணும்னா அழு. உன்னையும் பாத்துக்க நாங்க இருக்கோம்.” சொன்னால் இருக்கவும் வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு வாங்கிக் கொடுக்கிற மாமாவாகவாவது.

பேரிடர் சமயத்தில் இதே கதை ஊர் அளவுக்குப் பெரிதாகிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி உள்ளே புகுந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் நிவாரணம். நெட்டை ரகம் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும். “அதான் மரத்துக்கு ஆயிரத்து நூறு குடுக்குறாங்கல்ல” என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு தோப்புக்காரர் வாயைத் திறக்க மாட்டார். “அவனுக்கு முன்னூறு மரம் போச்சு, உனக்கு நாப்பதுதானே” என்ற ஒப்பீடும் அப்படித்தான். இழப்பை இன்னொருவர் இழப்போடு வைத்து அளந்தால் ஆறுதல் வராது, வாய்தான் அடைபடும். “எத்தனை மரம்ணே?” என்று கேட்டுவிட்டு அவர் எண்ணிச் சொல்லும்வரை நின்றால் மீதியை அவரே சொல்வார். வடக்கு வரப்பு ஓரத்தில் நின்றது அப்பா வைத்தது, கிணற்றடியில் நின்றது மூத்த பெண் பிறந்த வருஷம் வைத்தது என்று. கையில் ஒரு மர அறுவை ரம்பத்தோடு போனால் இன்னும் நல்லது.

குத்தகைக்காரருக்கு வருகிற சொல் வேறு ரகம். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், பாடு இன்னொருவர் படுவார். அடங்கல் என்கிற கிராமப் பயிர்க் கணக்கில் பெயர் ஏறாததால் காப்பீடும் நிவாரணமும் நில உரிமையாளரோடு நின்றுவிடுவது இங்கே புதிதில்லை. விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் போன அவரிடம் “உனக்கென்ன, நிலமா போச்சு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பயன்படுகிற ஆள், அடங்கலுக்காக விஏஓ அலுவலகத்துக்குக் கூடவே வந்து திண்ணையில் காத்திருக்கிறவர்.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே வேலை சொல்கிறது: பார், கேள், இணை. ஆபத்து இருக்கிறதா, யாருக்கு அவசரம் என்று பார்ப்பது, வற்புறுத்தாமல் கேட்பது, அவர்களுக்குத் தேவையான உதவியோடும் மனிதர்களோடும் சேர்த்து வைப்பது. அறிவுரை சொல் என்று அதில் ஒரு வேலை கிடையாது. “நீங்க எப்படி உணர்றீங்க?” என்று புத்தகத் தமிழில் கேட்கச் சொல்லித் தருகிறார்கள் சில பயிற்சிகளில். நம் ஊரில் அப்படிக் கேட்டால் பதில் வராது. “ராத்திரி தூங்குனீங்களா?” என்று கேளுங்கள். மொத்தமும் வரும்.

மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. தெரு நிறுத்தவில்லை. “எவ்வளவு மார்க்?” என்று கேட்பதற்கென்றே அன்று தூரத்துச் சொந்தமெல்லாம் போன் போடும். தவறிப்போன பிள்ளை இருக்கிற வீட்டில் அன்று போனை யார் எடுப்பது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். “முடிவு வந்துருச்சு, நாங்க பாத்துக்குறோம், அப்புறம் பேசுறேன்” என்பதோடு வைத்துவிடலாம். பிள்ளையைத் தனியாக விட வேண்டாம், அதே சமயம் காவல் வைத்த மாதிரி சுற்றி உட்காரவும் வேண்டாம். வயல் வீடுகளில் பூச்சிமருந்து டப்பா கொட்டகையில் திறந்து கிடக்கும். அதைப் பூட்டிச் சாவியை வேறு வீட்டில் கொடுத்துவிடுவது தேர்வு முடிவு வாரத்துக்கு மட்டுமான வேலையாக இல்லாமல் எப்போதுமே இருக்கட்டும்.

அன்று சொல்லக்கூடாதது “உன்னால தலை நிமிந்து நடக்க முடியல”. சொல்ல வேண்டியது “சாப்பிட வா”. மறுகூட்டல் உண்டு, விடைத்தாள் நகல் கேட்கலாம், சில வாரத்திலேயே துணைத் தேர்வு வருகிறது, எழுதித் தேறினால் அந்த வருஷமே கல்லூரி சேரலாம். இந்தத் தகவல் எல்லாம் மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது சொன்னால் காதில் ஏறாது, அதோடு “தப்பிக்க வழி சொல்றாங்க” என்று வேறு தோன்றும்.

வகுப்பறையைப் பற்றி ஒன்று. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவரின் மகனைப் பார்த்து “நீ வாத்து மேய்க்கத்தான் லாயக்கு” என்று சொன்னால் அது ஒரே கல்லில் அவனையும் அவன் அப்பாவையும் அடிக்கிறது. மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். சாயங்காலம் அப்பா ஓட்டிக்கொண்டு வருகிற வாத்துக் கூட்டத்தைக் கண்டால் அவன் வேறு தெரு வழியாகப் போவான். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு அடியோடு சேர்த்து மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது என்பது பல ஆசிரியர் அறைகளில் இன்னும் செய்தியாகவே சேரவில்லை. கண்டிக்கவே கூடாதா என்று கேட்பார்கள். கண்டிக்கலாம், எது தப்போ அதைத் தொட்டு. “உனக்குக் கணக்கே வராது” என்பது அவன்மேல் ஒட்டுகிற சீட்டு. “மூணாவது வரியில கடன் வாங்க மறந்துட்ட, அங்கேருந்து திரும்பப் போடு” என்பது திருத்தம். இரண்டுக்கும் ஆசிரியருக்கு ஆகிற நேரம் ஒன்றே.

தமிழில் ஒருவரைக் காயப்படுத்தக் கெட்ட வார்த்தையே வேண்டாம். வினைமுற்றின் வால் போதும். வா, வாங்க. சொன்னான், சொன்னார். இருபது வயதுப் பையன் டிராக்டரில் உட்கார்ந்தபடி அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி “டேய்” போட்டுக் கூப்பிடுவதும், அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு “சொல்லுங்க தம்பி” என்பதும் இந்த மண்ணில் இன்னும் மறையவில்லை. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த பூமி இது. அதை ஒழிக்க 1940-களில் விவசாயிகள் சங்கத் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் முன்னின்ற போராட்டம் தேவைப்பட்டது. சவுக்கு போனது, அந்த ‘டா’ மட்டும் பேரன் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிறர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும், வேண்டுமென்றே அவமதிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் மூன்றாவது பிரிவில் குற்றம். சட்டம் வரைக்கும் போக வேண்டாமென்று நினைக்கிறவர்கள் வீட்டிலிருந்து தொடங்கலாம். பிள்ளை பேசத் தொடங்கும்போதே நடவாள் அக்காவுக்கு ‘அக்கா’, ‘வாங்க’ என்று பழக்குங்கள். பெரியவர்கள் அந்த அக்காவை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதைத்தான் அது எடுத்துக்கொள்ளும். தனியாகப் பாடம் சொல்லிப் பயனில்லை.

அதேபோல ‘அது’. கணவனை இழந்தவள், கால் நடக்காதவர், மனநிலை சரியில்லாதவர் என்று சிலரை வீட்டுக்குள்ளேயே ‘அது’வாக்கி விடுகிறோம். “அதுக்கு என்ன தெரியும்”, “அது சாப்பிட்டுச்சா”. சின்ன வயதில் தங்கையைச் செல்லமாகச் சொல்கிற ‘அது’ வேறு. இது வேறு என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் ‘அவங்க’ போட்டுப் பேசிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் வீட்டில் மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

கடன் விஷயம் சுருக்கமாக. குழுக்கடன் தவணை தவறிய வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, தெரு கேட்கப் பேசுகிற பழக்கத்துக்கு விதியிலேயே இடம் கிடையாது. ரிசர்வ் வங்கியின் 2022 மார்ச் மாத நுண்கடன் நெறிமுறைப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடனாளியைக் கூப்பிடக்கூடாது, மிரட்டல், வசவு கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக்கூடாது, பெயரை வெளியிடக்கூடாது. இதை ஒரு தாளில் எழுதிக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுவது நல்லது. சங்கடம் என்னவென்றால், பல வீடுகளில் அந்தச் சொல் வெளியாளிடமிருந்து வருவதில்லை. “உன்னால எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு” என்று சக குழுப் பெண்களே சொல்கிறார்கள். அவர்களையும் யாரோ நெருக்கியிருப்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் தலைவி அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து “இந்த மாசம் எவ்வளவு முடியும்?” என்று கேட்டு வைத்துக்கொண்டால் கூட்டத்தில் அந்தப் பேச்சே எழாது.

சொல்லிவிட்டோம், இனி என்ன செய்வது? இங்கே பெரும்பாலானவர்கள் செய்வது ஆள் அனுப்புவது. அண்ணன் மனைவி வந்து “அவரு ஏதோ கோவத்துல சொல்லிட்டாரு, மனசுல வச்சுக்காதடி” என்பாள். அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து “பெரிய மனுஷன், விட்டுக்குடு” என்பார். இரண்டுமே பாரத்தைக் காயப்பட்டவர் தலையில் ஏற்றுகின்றன. மனசில் வைத்துக்கொண்டது அவள் தப்பு என்றாகிவிடுகிறது. பேசாமல் மறுநாள் வீட்டுக்குக் காய்கறி கொடுத்து அனுப்புவதும் உண்டு; அதை வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது, வாங்காவிட்டால் திமிர்.

வேலைக்காகிற முறை ஒன்றுதான், செய்யக் கூச்சமாக இருக்கும். எந்தச் சபையில் சொல் விழுந்ததோ அந்தச் சபையிலேயே எடுக்க வேண்டும். டீக்கடையில் சொன்னதை டீக்கடையில், அதே ஆட்கள் இருக்கிற நேரத்தில். தனியாகக் கேட்கிற மன்னிப்பு அவருக்கு மட்டும் தெரியும். சிரித்த நாலு பேருக்குத் தெரியாது. முதலில் தனியாகப் போய் “எல்லார் முன்னாடியும் சொல்லட்டுமா, இல்ல இஞ்சயே போதுமா?” என்று கேட்டுவிடுங்கள். மறுபடி சபையேற விருப்பமில்லாதவர்கள் உண்டு. சம்மதித்தால், சொன்னது என்னவோ அதையே எடுத்துச் சொல்ல வேண்டும்: “முந்தாநாள் அண்ணனை நான் ‘கையாலாகாதவன்’னு சொன்னேன். சொன்னது தப்பு. பொம்பளப் புள்ளைய அவர் எப்படிப் படிக்க வச்சாருன்னு எனக்கே தெரியும்.” இவ்வளவே. “ஆனா அவரும் அன்னிக்கு” என்று தொடங்கினால் எல்லாம் கெட்டது. “உனக்கு வருத்தமா இருந்திருந்தா” என்பதும் மன்னிப்பில் சேராது. வருத்தம் இருக்கிறது, தெரிந்துதானே வந்தீர்கள். மன்னித்தேன் என்று அவர் சொல்லும்வரை நின்று வாங்கவும் கூடாது. சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அவர் பல மாதம் பேசாமல் இருக்கலாம். வரப்பில் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் சேற்றில் கால் வைத்து வழிவிட வேண்டும். அந்த மாதங்களில் சொன்னவர் கால் வைக்கட்டும்.

கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கும் வேலை உண்டு. சொல் விழுந்த அந்த நொடியில் ஒருவர் சிரிக்காமல் “அண்ணே, விடுங்க, அது பேச்சில்ல” என்றால் போதும். சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அன்று தவறவிட்டால் பிறகு தனியாகப் போய் “அன்னிக்கு நான் சும்மா நின்னுட்டேன், அவர் சொன்னது சரியில்ல” என்று சொல்லலாம். “அவங்க சிரிச்சாங்க” என்று பதிந்த முகங்களில் ஒன்றாவது அதனால் குறையும்.

சில சமயம் இதெல்லாம் தாண்டிப் போயிருக்கும். ஒருவர் சாப்பாட்டைக் குறைக்கிறார், விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார், ஆடு மாட்டை யாருக்கோ பிடித்துக் கொடுக்கிறார், திடீரென்று எல்லோரிடமும் கணக்குத் தீர்க்கிறார், “நான் இருந்து என்ன” என்கிறார். அப்போது சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: “சாகணும்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்பது இந்தத் துறையில் நன்றாக நிறுவப்பட்டது. யாரோ ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே அவருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். “ஆமா” என்றால் பதறாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், “புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா” என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். “சொன்னது நல்லதாப் போச்சு. நான் இஞ்சதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரி அங்கேயே தங்குங்கள். மருந்து டப்பா, கயிறு, மாத்திரை எல்லாம் அந்த வீட்டை விட்டு வெளியே போகட்டும். காலையில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். சீட்டு வாங்குகிற வரிசையில் நீங்கள் நில்லுங்கள்.

ராத்திரியிலேயே பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 14416, அல்லது சுகாதார உதவி எண் 104. இரண்டும் இலவசம், எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நீங்களே போட்டுக் கொடுங்கள், ஏனென்றால் அந்த நிலையில் எண்ணை அழுத்துவதே பெரிய வேலை. இணைப்புக் கிடைத்ததும் “இவங்க பக்கத்துல இருக்கேன், அவங்களே பேசுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்காருங்கள். பேசுவது காதில் விழாத தூரம் போதும். கதவைச் சாத்த வேண்டாம்.